வீட்டில் வளரும் கினி பிக்குக்கு நோய் வந்தால்



சென்ற நோன்புப் பெருநாளில் கிடைத்த பெருநாள் காசைச் சேர்த்துவைத்து, நம் பகுதியில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவர் இரண்டு கினி பிக் வாங்கினார்கள். காக்காவுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு எட்டு வயது. வாப்பா வெளிநாட்டில். உம்மாவுக்கு முதலில் விருப்பமில்லை. ஆனாலும் பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு அவற்றுக்குப் புல் பறிக்கப் போவதைப் பார்த்ததும் அவரும் மனம் மாறிவிட்டார்.

நான்கு மாதம் கழித்து ஒன்றுக்குச் சளி பிடித்தது. தும்மல், மூக்கில் ஈரம், ஒரு கண்ணில் பீளை. வீட்டு ஃப்ரிட்ஜில் கடைக்குட்டியின் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மீதி இருந்தது. "பிள்ளைக்குக் கேட்ட மருந்துதானே, இத்தனூண்டு உயிருக்குக் கால் மூடி போதும்னு நெனச்சுக் கொடுத்தேன்" என்று அந்தச் சகோதரி நம்மிடம் சொன்னார். இரண்டாம் நாள் அது சாப்பாட்டை நிறுத்தியது. மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாள் சுப்ஹுக்கு எழுந்து பார்த்தபோது அது இறந்து கிடந்தது. அன்று மாலையே இரண்டாவதும் தும்ம ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தது பண உதவி கேட்டு அல்ல. "இதையாவது காப்பாத்தணும். யாரிடம் போறது?" என்றுதான் கேட்டார். நமக்கும் அப்போது பதில் தெரியவில்லை. விசாரித்து, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பிவைத்தோம். அதன் பிறகு இதைப் பற்றி நாம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். பல வீடுகளில் இப்போது இந்தப் பிராணி வளர்கிறது. நல்லெண்ணத்தால் செய்யும் ஒரு தவறு அதன் உயிரைப் போக்கிவிடக் கூடாது.

பெயரில் உள்ள குழப்பம்

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவோம். 'பிக்' என்று பெயரில் இருப்பதால் சில வீடுகளில் பெரியவர்கள் தயங்குகிறார்கள். இது பன்றி இனம் அல்ல. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவை அடங்கிய கொறிக்கும் பிராணி வகையைச் சேர்ந்தது. தமிழில் சீமைப் பெருச்சாளி என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைப் பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை வீட்டுப் பிராணியாக்கினார்கள்.

வளர்ந்த கினி பிக் சுமார் 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 8 ஆண்டுகள் வாழும். அதாவது இரண்டாம் வகுப்பில் வாங்கிக்கொடுத்தால், பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும்வரை நம் பொறுப்பில் இருக்கும் உயிர் இது.

நோயை மறைக்கும் பிராணி

காட்டில் மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி எதுவும் தன் பலவீனத்தை வெளியே காட்டாது. கினி பிக்கும் அப்படித்தான். நாய் போல முனகாது, பூனை போல வந்து ஒட்டிக்கொள்ளாது. நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது, அது பல நாட்களாக உள்ளே இருந்திருக்கும். எனவே சிறு மாற்றங்களையே கவனிக்க வேண்டும்:

• கீரையைக் கண்டதும் கத்தி ஓடிவரும் பிராணி, மூலையிலேயே முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.
• முடி சிலிர்த்து நிற்பது.
• புழுக்கை குறைவது, சிறுத்துப்போவது, அல்லது இளகிப்போவது.
• தும்மல், மூக்கில் சளி, கண்ணோரம் காய்ந்த பீளை, மூச்சு விடும்போது சத்தம், விலா ஏறி இறங்குவது.
• உணவை வாயில் எடுத்துக் கீழே போடுவது, தாடை நனைந்திருப்பது.
• சிறுநீர் கழிக்கும்போது கத்துவது, சிறுநீரில் ரத்தம்.
• கழுத்தில் கட்டி, பாதத்தில் புண், முடி கொட்டிய வட்டம்.

ஒன்றை மட்டும் தவறாக எண்ண வேண்டாம். கினி பிக் முகம் கழுவும்போது கண்ணிலிருந்து பால் போல வெள்ளையாக ஒரு திரவம் வரும். அது நோயல்ல, அதைக் கொண்டுதான் அது முகத்தைத் துடைத்துக்கொள்கிறது. அது இருபுறமும் வந்து உடனே மறைந்துவிடும். காய்ந்து ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் பீளை.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் எடை. சமையலறையில் மாவு நிறுக்கும் மின்னணுத் தராசு போதும். ஒரு டப்பாவை வைத்து, அதன் எடையைக் கழித்து, வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே வாரத்தில் 50 கிராம் குறைந்தால் ஏதோ சரியில்லை. அதற்கு மேல் குறைந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். நோய் வந்தபின் தினமும் நிறுக்க வேண்டும்.

என்னென்ன தொற்றுகள் வரும்?

மூச்சுக்குழாய், நுரையீரல் தொற்றுதான் கினி பிக்குகளுக்கு அதிகம் வருவதும் ஆபத்தானதும். போர்டெடெல்லா என்ற கிருமி இதற்கு ஒரு முக்கியக் காரணம். முயல்களும் நாய்களும் இந்தக் கிருமியை எந்த நோய்க்குறியும் இல்லாமல் சுமந்துகொண்டிருக்கலாம். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. கினி பிக்குக்கு அதுவே நிமோனியாவாகிவிடும். இடம் மிச்சம் என்று முயலையும் கினி பிக்கையும் ஒரே கூண்டில் வைப்பது தவறு என்பதற்கு இது ஒரு காரணம். கடையில் இரண்டையும் ஒன்றாக அடைத்து வைத்திருந்தால் வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

கழுத்துக் கட்டி என்பது பெரும்பாலும் நிணநீர்க் கணுவில் சீழ் கட்டுவது. முரட்டு வைக்கோல் குத்தி வாயில் ஏற்படும் காயம் வழியாகவும் கிருமி உள்ளே போகும். கட்டியை வீட்டில் பிதுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது.

பாதப் புண், கம்பித் தரையுள்ள கூண்டில் வளரும் பிராணிகளுக்கும் ஈரமான படுக்கையில் நிற்பவற்றுக்கும் வருவது. பாதம் முதலில் சிவக்கும், பிறகு தடித்துப் புண்ணாகும். கவனிக்காவிட்டால் தொற்று எலும்புவரை போகும்.

தோலில் வரும் படர்தாமரை பூஞ்சைத் தொற்று. மூக்கு, கண், காது ஓரங்களில் முடி கொட்டி, தோல் செதிலாக உரியும். இது பிள்ளைகளுக்கும் தொற்றும். சிரங்குப் பூச்சியும் வரும். அரிப்பு தாங்காமல் சில பிராணிகளுக்கு வலிப்பேகூட வந்துவிடும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

நம் மருந்து அதற்கு ஏன் நஞ்சாகிறது?

அந்தச் சகோதரி கொடுத்த சிரப் கெட்டுப்போனதும் அல்ல, போலியும் அல்ல. நம் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் அன்றாடம் எழுதிக்கொடுப்பதுதான். பிறகு ஏன் அப்படி ஆயிற்று?

கினி பிக் புல்லைத் தின்று வாழும் பிராணி. புல்லின் நாரைச் செரிக்க அதன் பெருங்குடல் முனையில் ஒரு பெரிய பை இருக்கிறது. அந்தப் பை முழுவதும் நல்ல நுண்ணுயிர்கள். அவைதான் நாரை உடைத்து அதற்கு உணவாக்கித் தருகின்றன. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், இந்த நல்ல நுண்ணுயிர்கள் கூட்டமாக அழிந்துவிடும். காலியான இடத்தில் தீய கிருமிகள் பெருகி, குடலிலேயே நஞ்சைச் சுரக்கும். சாப்பாட்டை நிறுத்துதல், வயிற்றுப்போக்கு, உடல் சில்லிடுதல், மரணம் என்று சில நாட்களிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

மருத்துவ உலகம் இதை நீண்ட காலமாக அறியும். 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினை முதன்முதலில் சோதித்தபோது எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தினார்கள். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் இறந்தன. அந்தச் சோதனைதான் கோடிக்கணக்கான மனிதர்களைக் காப்பாற்றிய மருந்துக்கு வழி திறந்தது. 1943-இல் அதே பென்சிலின் கினி பிக்குகளைக் கொல்கிறது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முதல் சோதனை எலிகளுக்குப் பதிலாகக் கினி பிக்குகளின் மேல் நடந்திருந்தால், அந்த மருந்தையே நஞ்சென்று ஒதுக்கியிருப்பார்களோ என்னவோ!

வாய்வழியாகக் கொடுக்கவே கூடாதவை என்று நினைவில் வைக்க வேண்டியவை: பென்சிலின், அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின். செஃபலெக்சின் போன்ற மருந்துகளும் ஆபத்தானவையே. பென்சிலின் கலந்த களிம்பைப் புண்ணில் தடவினால், அது நக்கி விழுங்கிவிடும். அதுவும் ஆபத்து.

கினி பிக்குக்குப் பொதுவாகப் பாதுகாப்பானவை என்று கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்துகளும் இருக்கின்றன. என்ரோஃப்ளாக்ஸசின், டிரைமெத்தோபிரிம் சேர்ந்த சல்ஃபா மருந்து ஆகியவை அவற்றுள் சில. பெயர் தெரிந்துவிட்டதே என்று இவற்றை நாமே கடையில் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. எந்தத் தொற்று, எத்தனை கிராம் எடை, எத்தனை நாள் என்பதைப் பார்த்துத்தான் அளவு தீர்மானிக்கப்படும். ஒரு கிலோகூட இல்லாத உடம்பில் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம்.

முதல் சில மணி நேரம்

சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விடக் கூடாது. கினி பிக்கின் குடல் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் சாப்பிடாவிட்டாலே கவலைப்பட வேண்டும். ஒரு முழுநாள் சாப்பிடாவிட்டால் அது அவசர நிலை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாலும் அந்த நேரமே புறப்பட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்வரை செய்ய வேண்டியவை இவை. அமைதியான, காற்றோட்டமுள்ள இடத்துக்குக் கூண்டை மாற்றுங்கள். மின்விசிறிக் காற்றோ ஏசி காற்றோ நேராகப் படக் கூடாது. நனைந்த படுக்கையை மாற்றுங்கள். சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து எழும் நெடி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். புதுப் புல்லும் தண்ணீரும் முகத்துக்கு அருகிலேயே வையுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணி, ஊதுபத்தி, இரவில் கொசுவத்தி ஆகியவற்றின் புகை அந்த அறைக்கே வரக் கூடாது. மார்பில் தைலம் தடவக் கூடாது. தேன், கருஞ்சீரக எண்ணெய், தயிர் சாதம், பால், பிஸ்கட் எதையும் கொடுக்க வேண்டாம். நமக்கு நன்மை தருபவைதான் என்றாலும், புல்லுக்கென்றே அமைந்த குடலுக்குச் சர்க்கரையும் எண்ணெயும் பாலும் ஒத்துக்கொள்ளாது. மூச்சுத் திணறும் பிராணியின் வாயில் ஓதிய தண்ணீர் உட்பட எதையும் வற்புறுத்தி ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். துஆ செய்யுங்கள், கூடவே மருத்துவரைத் தேடுங்கள். நம் வலி மாத்திரைகளும் அதற்கு வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல், கினி பிக் போன்ற சிறு பிராணிகளை அடிக்கடி பார்ப்பதில்லை. எனவே முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோடு பிராணிகளுக்கான மருத்துவமனையும் இயங்குகிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அருகில் இருப்பவர்கள் அங்கும் கேட்டுப் பார்க்கலாம்.

காற்றுத் துளையுள்ள பெட்டியில், கீழே துண்டு விரித்து, கொஞ்சம் புல் வைத்துக் கொண்டுபோங்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள். எடை எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எதையாவது கொடுத்திருந்தால், திட்டுவாரோ என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவல்தான் சில நேரம் உயிரைக் காப்பாற்றும்.

மருந்து எழுதியதும், "டாக்டர், இது பென்சிலின் வகை இல்லையே? கினி பிக்குக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொருமுறை, எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் அளவை அங்கேயே கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் பராமரிப்பு

மருந்து பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

மருந்து கொடுக்கும் முறை: ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். கினி பிக்கை ஒரு சிறு துண்டில், தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றி, மடியில் உட்கார வையுங்கள். மல்லாத்தக் கூடாது. முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள இடைவெளியில் சிரிஞ்சின் நுனியை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அது மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு.

ஊட்டுதல்: தானாகச் சாப்பிடாவிட்டால் நாம்தான் ஊட்ட வேண்டும். புல்வகைப் பிராணிகளுக்கென்று விற்கும் நோய்க்கால உணவுத் தூள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அது வழக்கமாகத் தின்னும் கினி பிக் பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக மசித்து, கஞ்சிப் பதத்தில் கொடுக்கலாம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி என்பது பொதுக் கணக்கு. 800 கிராம் உள்ள பிராணிக்கு 40 மில்லி. அதை ஆறாகப் பிரித்தால் வேளைக்கு 7 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வயிறு உப்பியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஊட்ட வேண்டாம். இரவிலும் ஒருமுறை எழ வேண்டியிருக்கும். கைக்குழந்தை வளர்த்த நம் தாய்மார்களுக்கு இது புதிதல்ல.

வைட்டமின் சி: மனிதர்களைப் போலவே கினி பிக்கின் உடலாலும் வைட்டமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. 1907-இல் நார்வேயைச் சேர்ந்த ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரு ஆய்வாளர்கள், தானியம் மட்டும் தின்ற கினி பிக்குகளுக்கு, மாலுமிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். காயும் கீரையும் கொடுத்தபோது அந்த நோய் வரவில்லை. வைட்டமின் சியைக் கண்டறியும் பாதையில் அது ஒரு பெரிய படி. இன்றும் தானியமும் பழைய பெல்லட்டும் மட்டும் தின்று வளரும் கினி பிக்குக்கு மூட்டு வீங்கும், ஈறு வலுவிழக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து தொற்றுகள் எளிதில் பிடிக்கும்.

நலமாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் போதும். நோய்க்காலத்தில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை தேவைப்படும். குடைமிளகாய், கொத்தமல்லித்தழை, சிறு துண்டு கொய்யா ஆகியவை நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை. நடுத்தரமான பச்சைக் குடைமிளகாயில் கால் பங்கு கொடுத்தாலே சுமார் 20 மில்லிகிராம் கிடைக்கும். கொய்யாவில் இன்னும் அதிகம். ஆனால் இனிப்பு என்பதால் விரல் நுனி அளவு போதும். வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீர்ப் புட்டியில் கலக்க வேண்டாம். வெளிச்சத்தில் அது விரைவில் வீரியம் இழந்துவிடும். சுவை மாறிய தண்ணீரை அது குடிக்காமலும் போகும்.

புல்: கினி பிக்கின் உணவில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய்கின்றன. பூச்சிமருந்து படாத இடத்து அருகம்புல்லைக் கழுவி, நீர் வடித்துக் கொடுக்கலாம். உலர்ந்த புல்லாக விற்பதும் நல்லதே. நெல் வைக்கோல் அதற்கு மாற்றாகாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, சோறு, ரொட்டி வேண்டாம்.

வெப்பம்: இது குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி. 30 டிகிரி தாண்டினாலே வெப்பத்தாக்கு வரும் அபாயம் உண்டு. நம் ஊர்க் கத்திரி வெயிலில் மொட்டைமாடியிலும் தகரக் கொட்டகையிலும் கூண்டை வைப்பது கொடுமை. தரைத்தளத்தில் நிழலான அறையில் வையுங்கள். தண்ணீரை உறைய வைத்த புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைத்தால், வேண்டும்போது அதன் அருகில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

துணை: கினி பிக் கூட்டமாக வாழும் இனம்; தனிமை அதை வாட்டும். தொற்று நோய் என்றால் தனிக்கூண்டில் வைக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்றன் குரல் மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். நலமாக இருப்பதை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியில் கவனியுங்கள்.

நான்காம் நாளே துள்ளிக் குதித்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொன்ன கடைசி நாள்வரை கொடுக்க வேண்டும்.

நம் வீட்டாரின் பாதுகாப்பு

தொட்டபின் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூண்டையும் தட்டையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். பிராணியை முகத்தோடு வைத்துக் கொஞ்ச விடாதீர்கள். பிள்ளையின் கையிலோ கழுத்திலோ சிவந்த வட்டம் தெரிந்தால், வீட்டில் கினி பிக் இருப்பதையும் சொல்லித் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முந்நூறு ரூபாய் உயிருக்கு இவ்வளவு செலவா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். வாங்கிய விலையைவிட ஒருநாள் மருத்துவச் செலவு அதிகமாகிவிடும் என்பது உண்மைதான். சிரமப்படும் குடும்பங்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கடைக்காரர் சொல்வது பிராணியின் விலையைத்தான்; அதன் உயிருக்கு அவர் விலை சொல்ல முடியாது. கூண்டில் அடைத்தபின் அது தானாக இரை தேடிக்கொள்ளவும் முடியாது, மருத்துவரிடம் போகவும் முடியாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றியும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரைப் பற்றியும் சிறுவயது முதல் நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம்.

எனவே கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். பெருநாள் காசில் பிராணி வாங்க ஆசைப்படும் பிள்ளையிடம், "அதில் பாதியை அதன் மருத்துவச் செலவுக்கென்று உண்டியலில் போடு" என்று சொல்லுங்கள். அருகில் இதைப் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகு வாங்குங்கள். இரண்டு வாங்குவதென்றால் ஒரே பாலாக வாங்குங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தால், சுமார் இரண்டு மாதத்துக்கொரு முறை குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். வளர்க்க முடியாத நிலை என்றால், இப்போது வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்வதும் இரக்கம்தான்.

எவ்வளவு பார்த்தும் சில நேரம் காப்பாற்ற முடியாமல் போகும். அப்போது பிள்ளையிடம் 'ஓடிப்போயிடுச்சு' என்று பொய் சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லி, தோட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டி, பிள்ளையும் கூட இருக்கப் புதையுங்கள். அழட்டும். பிறகு கூண்டைச் சுத்தமாகக் கழுவி, வெயிலில் காய வையுங்கள்.

அந்த வீட்டில் என்ன ஆனது?

இரண்டாவது கினி பிக்கை மருத்துவரிடம் கொண்டுபோனபோது அதன் எடை 780 கிராமிலிருந்து 690 ஆகக் குறைந்திருந்தது. தொற்று நுரையீரலில் இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றார் மருத்துவர். தகுந்த மருந்து கொடுத்து, ஊட்டும் முறையையும் காட்டி அனுப்பினார். மூன்றாம் நாள் எடை 655. அன்று இரவு அந்தச் சகோதரி நம்மை அழைத்து, "இதுவும் போயிடும் போலிருக்கு" என்று அழுதார். விடாமல் ஊட்டினார்கள். பகலில் உம்மாவும், பள்ளிவிட்டு வந்தபின் பையனும், இஷாவுக்குப் பிறகு மறுபடி உம்மாவும். ஐந்தாம் நாள் ஒரு கொத்தமல்லித் தண்டைத் தானாக இழுத்துத் தின்றது. இரண்டு வாரம் கழித்து 740 கிராம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறது.

அந்தப் பையன் எடை எழுதிய நோட்டை நம்மிடம் கொண்டுவந்து காட்டினான். முதல் பக்கத்தில் இறந்துபோன கினி பிக்கின் பெயர் இருந்தது. அதன் கீழே எதுவும் எழுதப்படவில்லை. "இதுக்கு எடை பார்க்கவே இல்லை" என்றான். அவனுடைய உம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் செய்தது தெரியாமல் செய்த தவறு, அன்பினால் செய்தது. அவரே இதை எழுதச் சொன்னார், தம் பெயர் இல்லாமல். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம்.

கடைசியாக ஒன்று. மீதமான ஆன்டிபயாடிக் ஆபத்து கினி பிக்கோடு முடிவதில்லை. தண்ணீர் கலந்த சிரப் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் வீரியத்தோடு இருக்காது. ஒரு பிள்ளைக்கு எழுதியதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதும், பாதியில் நிறுத்தி மீதியைச் சேர்த்துவைப்பதும் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கும். இதைப் படித்து முடித்ததும் உங்கள் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்கள். பாதி சிரப் புட்டி ஏதாவது நிற்கிறதா?

இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். இன்ஷா அல்லாஹ், அது ஏதோ ஓர் உயிருக்கு நாம் செய்த நன்மையாக அமையும்.